எஞ்சினுக்கு அமாவாசை இல்லை

என் கணவரின் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இந்தக் கிழவியின் மனம் இளகிவிடும், கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். அந்த மனிதர் எங்கள் பூமியைக் காயப்போட்டு வாங்கப் பார்த்தார். அதற்கு ஒரு எஞ்சினைத் துணைக்குக் கொண்டுவந்தார். அந்த எஞ்சின் அவர் நினைத்ததையும் செய்தது, நினைக்காததையும் செய்தது. அந்த இரண்டாவது காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நான் பிறந்தது தம்மம்பட்டிப் பக்கம், மலையடிவாரம். வாழ்க்கைப்பட்டது எருமப்பட்டியை ஒட்டிய ஒரு காட்டில். காடு என்றால் மரம் அடர்ந்த காடு அல்ல, உழுது பயிர் செய்கிற பூமியைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். வந்த புதிதில் நான் 'வீடு' என்று சொன்னாலே மூத்தார் குடும்பம் சிரிக்கும். அவர்களுக்கு அது 'ஊடு'. மூத்தார், அதாவது கணவரின் அண்ணன் எதிரே நான் உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசவும் கூடாது. பேசியே தீர வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிற மாட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "மாடே, சோறு ஆறிப்போகுது, பெரியவர் கை கழுவலாமில்ல" என்பேன். அவரும் மாட்டுக்கே பதில் சொல்வார். வெளியூர்க்காரர்கள் யாராவது பார்த்தால் இந்தக் குடும்பத்தில் மாடுகளுக்குத்தான் மரியாதை அதிகம் என்று நினைத்திருப்பார்கள்.

மாமனார் இறந்த பிறகு அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்தார்கள். வடக்கே சமமான செம்மண் பூமி அண்ணனுக்குப் போனது. தெற்கே பாதி நல்ல மண்ணும் பாதி பாறைமேடுமாகக் கிடந்தது தம்பிக்கு வந்தது. "சின்னவன் தங்கமானவன், எதுவும் சொல்லமாட்டான்" என்று ஊரே புகழ்ந்தது. புகழ்ந்து புகழ்ந்தே அவர் தலையில் பாறையைக் கட்டிவிட்டார்கள். இரண்டு பாகத்துக்கும் நடு வரப்பில் இருந்த கிணறு மட்டும் பொது. ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை என்று பேசி முடித்தார்கள்.

அப்போதெல்லாம் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைப்பார்கள். 'சால்' என்கிற பெரிய தோல் பையை வடத்தில் கட்டிக் கிணற்றுக்குள் விடுவார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, சால் நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேறும். மறுபடி இறங்கும். ஒரு நாள் முழுக்க இறைத்தாலும் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர் மிச்சம் இருக்கும். மாடு களைத்துவிடும், ஆள் களைத்துவிடுவான், கிணறு களைக்காது. ராத்திரிக்குள் ஊறி மறுநாள் முறைக்காரனுக்குத் தயாராக இருக்கும். அமாவாசையன்று மாட்டைப் பூட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. ஏரும் இல்லை, கவலையும் இல்லை. அந்த நாள் யார் முறையிலும் சேராது. மாடுகளைக் கழுவிவிட்டு நிழலில் கட்டுவோம். கிணறு கழுத்துவரை நிறைந்து நிற்கும்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்துக்குச் சில வருஷம் முன்னால் என் மூத்தார் சேலத்துக்குப் போய் ஒரு எண்ணெய் எஞ்சின் வாங்கிவந்தார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதுதான் முதல் எஞ்சின். இரட்டை மாட்டு வண்டியில் கயிறு போட்டுக் கட்டி, கூடவே அதைப் பூட்டி ஓட்டத் தெரிந்த ஒரு பிட்டரையும் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். கிணற்றின் பாதி ஆழத்தில் பலகைக் கல் போட்டு அதன்மேல் பம்பை வைத்தார்கள். மேலே எஞ்சின், நடுவில் நீளமான பெல்ட். எஞ்சினுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, தேங்காய் உடைத்து ஓட்டினார்கள். புகை வந்தது, பூமி அதிர்ந்தது, பிறகு குழாயின் வாயிலிருந்து தொடை கனத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஊரே கைதட்டியது. நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அன்றைக்கு எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் எங்கள் முறை. என் கணவர் மாடுகளைப் பூட்டிச் சாலை இறக்கினார். சால் அடியில் தட்டியது. கொஞ்ச நேரம் இறைத்தார், அதற்குமேல் சேறுதான் வந்தது. அடுத்த முறைக்கும் அதே கதி. மாதம் ஒன்று போவதற்குள் எங்கள் மஞ்சள் காட்டில் இலையெல்லாம் சுருள ஆரம்பித்தது. மஞ்சள் வருஷம் முழுக்கத் தண்ணீர் கேட்கிற பயிர். நடுவில் காயவிட்டால் கிழங்கு கட்டாது, அந்த வருஷம் போயே போச்சு.

என் கணவர் தயங்கித் தயங்கி அண்ணனிடம் போய்க் கேட்டார்.

"அண்ணா, நீங்க ஒரே நாள்ல மொத்தத்தையும் எறைச்சுப்போட்டா எங்களுக்கு என்னங்க மிஞ்சும்?"

"முறை நாளுக்கா, சாலுக்கா?" என்று கேட்டார் மூத்தார்.

"நாளுக்குத்தானுங்க."

"அப்பறம் என்ன? என்ற நாள்ல நான் எத்தனை எறைச்சா உனக்கென்ன? உன்ற நாள்ல நீயும் எறச்சுக்க. யாரு வேண்டாம்னாங்க?"

இவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய, மூத்தார் பேசியதில் ஓட்டை இல்லை. முறையைப் பேசி வைத்தவர்கள் யாரும் இப்படி ஒரு பூதம் வரும் என்று நினைத்துப் பேசவில்லை. மாட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே நியாயமாக இருந்த ஏற்பாடு, மாட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே அநியாயமாகிவிட்டது. ஒரு வார்த்தையும் மாறவில்லை.

அமாவாசை இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்றாவது கிணறு ஊறும், மறுநாள் நமக்கு நாலு பாத்தி நனையும் என்று கணக்குப் போட்டேன். அமாவாசை காலையில் மாடுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. கையில் இருந்த வைக்கோல் பிரியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஊர்க்காரர்களும் ஓடிவந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இது கட்டுப்பாட்டுக்கு விரோதம் என்றார்கள்.

மூத்தார் அலட்டிக்கொள்ளவே இல்லை. எஞ்சினைத் தட்டிக்கொடுத்தபடி, "மாட்டைப் பூட்டக் கூடாதுங்கறதுதானுங்களே கட்டுப்பாடு? நான் எந்த மாட்டைப் பூட்டினேன்? இதுக்கு வாலு இருக்குதுங்களா, கொம்பு இருக்குதுங்களா? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு நியாயம் எங்கே நிற்கும்? பெரியவர்களில் இரண்டு பேருக்கு அடுத்த வருஷமே எஞ்சின் வாங்கும் ஆசை இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. "அதுவும் சரிதான். கட்டுப்பாடு மாட்டுக்குத்தான், எஞ்சினுக்கு ஏது அமாவாசை" என்று தீர்ப்பாகச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். அந்தத் தீர்ப்பை நான் ஒரு வார்த்தை விடாமல் மனதில் போட்டுப் பூட்டிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் மூத்தார் எங்கள் வாசலுக்கு வந்தார். என் பிள்ளைகள் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் கணவரின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவர் பேசிய பேச்சு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"எதுக்குச் சாமி இப்படிக் கெடந்து சாகறே? காஞ்ச பூமிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? பேசாம என்கிட்ட உட்டுப்போடு. என்ற பண்ணையத்துலயே இருந்துக்க. உனக்கும் குழந்தைகளுக்கும் கஞ்சிக்குப் பஞ்சமில்லாம நான் பாத்துக்கறேன்."

கூடப் பிறந்த தம்பியைத் தன் பண்ணையாளாக வரச் சொன்னார். அதையும் பாசமாகச் சொன்னார். என் கணவர் மறுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேனுங்க அண்ணா" என்றார். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நான் அவரிடம் சொன்னேன், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் நான் ஒன்று செய்கிறேன் என்று. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆத்திரம் மட்டும் இருந்தது. அந்த மனிதரின் கண்ணில் விரலை விட்டு ஆட்டாமல் ஓயக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

அடுத்த அமாவாசை வந்தது. மூத்தார் காலையிலிருந்தே ஓட்டினார். மதியத்துக்குள் பம்பு வெறும் காற்றை இழுத்துக் கொர்கொர் என்று கத்தியது, நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எங்கள் மாடுகள் அதுவரை வாயில் தண்ணீர் வைக்கவில்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினேன். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள் பாதிக்குமேல் பாசி பிடித்து வழுக்கின. அந்தக் கற்கள் தண்ணீருக்கு வெளியே வந்ததை நான் மட்டுமல்ல, என் மாமனாரே பார்த்திருக்க மாட்டார்.

அடியில் போய் நின்றேன். கணுக்கால் அளவு சேறு. உடைந்த பானைகள், எப்போதோ விழுந்த ஒரு சாலின் இரும்பு வளையம், குழந்தைகள் போட்ட கற்கள். வடக்குச் சுவரைத் தொட்டேன், காய்ந்திருந்தது. கிழக்கிலும் மேற்கிலும் அப்படியே. தெற்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், பாறையில் குறுக்காக ஒரு விரிசல் ஓடியது. அதிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. கையை உள்ளே விட்டேன். முழங்கைவரை போனது. சில்லென்று தண்ணீர் விரல்களைத் தள்ளியது.

அந்தக் கிணற்றுக்கு இருந்தது அந்த ஒரே ஊற்று. அது தெற்கே இருந்து வந்தது. தெற்கே இருந்தது எங்கள் பாறைமேடு.

நான் அங்கேயே நின்று சிரித்தேன். கிணறு நிறைந்திருந்த காலமெல்லாம் ஊற்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அடிவரை உறிஞ்சிக் காட்டியது அவருடைய எஞ்சின். காட்டியது எனக்கு. அவர் அந்த நேரத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் அண்ணன்மார் இருவருக்கும் ஆள் அனுப்பினேன். மலையடிவாரத்து ஆட்கள், பாறை அவர்களுக்குப் புதிதல்ல. சம்மட்டியும் கடப்பாரையும் வெடிமருந்துமாக வந்து சேர்ந்தார்கள். பாறைமேட்டில், பழைய கிணற்றுக்கு நேர் தெற்கே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் புதுக்கிணறு தோண்ட ஆரம்பித்தோம். என் கணவர் முதலில் முணுமுணுத்தார். பிறகு கூடையைத் தூக்கினார். அவர் சுபாவம் அப்படி, முன்னால் யார் நடக்கிறார்களோ அவர்கள் பின்னால் போவார்.

மூத்தார் வந்து வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தப் பாறையில தண்ணி ஊறிச்சுன்னா முதல் சொம்பை என்ற தலையில கொண்டாந்து ஊத்துங்க" என்று எங்கள் மாட்டிடம் சொன்னார். மாடு பதில் சொல்லவில்லை. நான் அடுத்த கூடையைத் தூக்கினேன்.

வேலை பாதி ஆழத்தைத் தாண்டிய சமயத்தில் ஒருநாள் எஞ்சினின் பெல்ட் அறுந்துவிட்டது. சேலத்திலிருந்து பிட்டர் வரும்வரை எஞ்சின் நின்றது. அந்த நாட்களில் எங்கள் குழியில் தண்ணீர் கசிந்து முழங்காலுக்கு வந்துவிட்டது. உள்ளே இறங்கி வேலை செய்ய முடியவில்லை. பெரிய அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிட்டர் வந்தார், எஞ்சின் ஓடியது. மறுநாள் எட்டிப் பார்த்தால் எங்கள் குழி காய்ந்து கிடக்கிறது!

பெரிய அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தங்கச்சி, புரியுதா? அந்த ஆளு நம்ம குழியையும் சேத்து எறைக்கிறாரு. எஞ்சின் ஓடுனாத்தான் நம்மால கீழ எறங்க முடியும்."

புரியாமலா? என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. எங்களிடம் எஞ்சின் இல்லை, மாடு பூட்டி அந்தக் குழியை இறைக்கவும் வழியில்லை. எங்கள் கிணற்றை வெட்டுவதற்காக எங்கள் எதிரி தன் செலவில் நாள் முழுக்க எண்ணெய் எரித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே வேண்டுதல். ஆனால் வேண்டுதலை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறவள் இல்லை நான்.

மறுநாள் துவைக்கிற கல்லில் என் ஓரகத்தியை, மூத்தாரின் மனைவியைப் பிடித்தேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன்.

"அக்கா, பெரியவர்கிட்ட நீங்கதான் சொல்லணும். எஞ்சின் சத்தத்துல எங்க அண்ணங்களுக்குக் காது அடைக்குதாம், வேலையே ஓடலையாம். நாங்க வெட்டி முடிக்கிறவரைக்கும் கொஞ்சம் கொறைச்சு ஓட்டச் சொல்லுங்கக்கா. எங்க முறையிலயும் நாங்க இப்ப எறைக்கிறதில்ல. கிணறு கொஞ்சம் சும்மா கெடக்கட்டும்."

"சொல்லிப் பாக்கறேன் புள்ள, கேக்கோணுமே" என்றாள் அவள்.

கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த மனிதரைப் பத்து வருஷமாக மாட்டின் வழியாகப் படித்தவள் நான். அன்றிலிருந்து அவர் முறையிலும் ஓடியது, எங்கள் முறையிலும் ஓடியது, அமாவாசையிலும் ஓடியது. பொழுது விடிந்தால் டக் டக், பொழுது சாய்ந்தாலும் டக் டக். என் அண்ணன்மார் காய்ந்த பாறையில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்துக்குத் தாளம் தவறாமல் சம்மட்டி போட்டார்கள். நான் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்புமாகக் கொண்டுபோய் இறக்கினேன். அத்தனை சந்தோஷமாக நான் என் வாழ்நாளில் சமைத்ததில்லை.

பழைய கிணற்றின் ஊற்று மட்டத்தை எட்டிய பிறகு ஒருநாள் காலையில் சின்ன அண்ணன் வைத்த வெடி பாறையைப் பிளந்தது. புகை அடங்குவதற்குள் தண்ணீர் சத்தம் கேட்டது. தெற்கேயிருந்து ஊற்று திரண்டு வந்து எங்கள் கிணற்றில் விழுந்தது. வடக்குப் பக்கம், மூத்தாரின் கிணற்றை நோக்கிப் போகிற விரிசல் வாய் திறந்து நின்றது. அதை அப்படியே விட்டால் எங்கள் தண்ணீர் மறுபடி அங்கே போய்விடும். களிமண்ணையும் சுண்ணாம்பையும் பிசைந்து தயாராகவே வைத்திருந்தேன். அண்ணன் கை நீட்டினார். நான் தரவில்லை. நானே இறங்கினேன். இடுப்புத் தண்ணீரில் நின்று, அந்த விரிசலில் கைகொண்ட மட்டும் திணித்துத் திணித்து, மேலே கல்லை வைத்து அடித்து அடைத்தேன். என் பிள்ளைகள் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது மூத்தார் பேசிய பேச்சு, ஒவ்வொரு கை மண்ணுக்கும் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று மாலையே பழைய கிணற்றில் எஞ்சினின் சத்தம் மாறியது. பம்பு காற்றை இழுத்துக் கொர்கொர் என்றது. நிறுத்தினார்கள். மறுநாள் ஓட்டினார்கள், மறுபடி கொர்கொர். நான் புதுத் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்தேன். என் கணவர் கையைப் பிடித்தார், "வேண்டாம் புள்ள, போதும்" என்றார். கையை உதறிவிட்டுப் போய் மூத்தார் வீட்டு வாசற்படியில் அந்தச் சொம்பை வைத்துவிட்டு வந்தேன்.

அவர் ஊரைக் கூட்டினார். அதே பெரியவர்கள் வந்து எங்கள் புதுக்கிணற்று மேட்டில் உட்கார்ந்தார்கள். "பொதுக் கெணத்து ஊத்தை அறுத்துப்போட்டாங்க. புதுக் கெணத்துலயும் எனக்குச் சரிபாதி முறை வேணுமுங்க" என்றார் மூத்தார். பெரியவர்கள் என் கணவரைப் பார்த்தார்கள். இவர் தரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் சரி என்று சொல்லிவிடுவார் என்று எனக்குப் பட்டது. முளையில் கட்டியிருந்த எங்கள் செவலை மாட்டின் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாடே, அன்னிக்கு அமாவாசையன்னிக்கு இவங்க எல்லாரும் இருந்து சொன்னாங்களே, கட்டுப்பாடு மாட்டுக்குத்தான், எஞ்சினுக்கு இல்லைன்னு. அப்ப முறையும் அந்தப் பழைய கிணத்துக்குத்தானே பேசினது? இந்தக் கிணத்துக்கு யாரு எப்ப முறை பேசினாங்க? இது எங்க பாகம், எங்க பாறை. எங்க சுவத்துல ஒரு ஓட்டை இருந்துது, பூசிக்கிட்டோம். கேட்டுச் சொல்லு மாடே."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவர் தொண்டையைக் கனைத்தார். சொன்ன வார்த்தையை எப்படி விழுங்குவது? அப்போதுதான் மூத்தார் வழக்கத்தை உடைத்தார். மாட்டை விட்டுவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"பொம்பளையா நீ?"

நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. நான் நினைத்திருந்ததைவிட வயதான முகம்.

"பொம்பளைதாங்க. அதனாலதான் குடத்தை எடுத்துக்கிட்டு உள்ள இறங்கினேன். நீங்க எட்டிக்கூடப் பாக்கலீங்களே" என்றேன்.

பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். புதுக்கிணறு எங்களுடையதாகவே நின்றது. மூத்தார் பழைய கிணற்றை ஆழப்படுத்திப் பார்த்தார், பாறை பாறையாகத்தான் வந்தது. அவருடைய சமமான செம்மண் பூமி அந்தக் கோடையில் வெடித்துக் கிடந்தது. நாங்கள் புதிதாக நட்ட மஞ்சள் கிழங்கு கட்டியது. நான் தினமும் மாலையில் வரப்பில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பேன். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வெடிப்பு. கண் குளிரப் பார்ப்பேன். யாரும் அதற்காக என்னைத் திட்ட வேண்டாம், திட்டினாலும் எனக்கு உறைக்காது.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஆள் எஞ்சினை விற்றுவிட்டுத் தலைகுனிந்து உட்காருவார் என்று காத்திருந்தேன். அவர் விற்கவில்லை. கிணற்றிலிருந்து கழற்றி ஊர் ரோட்டோரம் ஒரு ஓட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். அதே பெல்ட்டை ஒரு மாவரைக்கிற கல்லில் மாட்டினார். ஒரு கூடை கேழ்வரகைப் போட்டால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் மாவாக விழுந்தது. அதுவரை வீட்டுக்கு வீடு பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து திரிகைக் கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே சண்டைக் காலம் வந்தது. அரிசி அருகிப்போய், நெல்லுச்சோறு சாப்பிட்டவர்களெல்லாம் கேழ்வரகுக்கும் கம்புக்கும் இறங்கினார்கள். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் கொட்டகையில் நின்றன. பூமியில் சம்பாதித்ததைவிட அதில் அவர் நன்றாக வந்தார். அவருடைய தண்ணீரை நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த எஞ்சின் காலம் முழுக்க அந்தக் கிணற்றிலேயே கிடந்திருக்கும். அவரை மில்காரர் ஆக்கியவள் நான்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

நான் அந்த மில்லின் படி ஏறவில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் திரிகையை மூலையில் சாய்த்து வைத்த பிறகும் நான் ஒருத்தி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தேன். என் ஓரகத்திகூட ஒருமுறை, "எதுக்குப் புள்ள இந்தக் கஷ்டம், கொண்டா, நான் அரைச்சுத் தாரேன்" என்றாள். "கை நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றேன். கை நன்றாக இல்லை. வலது தோள் அப்போதே போய்விட்டது, சேலையை உதறிக் கொடியில் போடக்கூடத் தூக்க முடியாது.

ஒருநாள் களி கிண்டினேன். மாவுப் பானையிலிருந்து எடுத்துக் கொட்டும்போதே கைக்கு வித்தியாசமாகத் தெரிந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை. உருண்டை பிடித்து வைத்து ஒரு வாய் போட்டேன். வழவழவென்று தொண்டையில் இறங்கியது. திரிகை மாவில் ஒரு நறநறப்பு இருக்கும், அது இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாங்க?" என்று கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. "அங்க போறது ரொம்ப நாளா. நீ கல்லைத் திருப்பறப்ப உன்ற தோள் படற பாட்டைப் பாக்க முடியல. அதனால நேத்து ஒரு கூடை எடுத்துக்கிட்டுப் போனேன்."

"அவருகிட்டயா? நம்மள பண்ணையாளா இருக்கச் சொன்னவருகிட்டயா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். எதற்கும் வாயைத் திறக்காத மனிதர் அன்று நின்று நிதானமாகப் பேசினார்.

"பூமி உன்னாலதான் தப்பிச்சுது. நான் இல்லைங்கல. அதுக்கு எப்பவும் உனக்குக் கட்டுப்பட்டவன்தான். ஆனா எனக்கு இருக்கறது ஒரே அண்ணன், புள்ள. அவரு எஞ்சினை ஓட்டுவாரு, நான் பக்கத்துல குந்தியிருப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கறதில்ல. அந்தச் சத்தத்துல பேசவும் முடியாது."

என் தட்டில் மிச்சம் இருந்த களியை எடுத்துக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் போட்டேன்.

மறுநாளிலிருந்து அடுப்பில் இரண்டு சட்டி ஏற்றினேன். ஒன்றில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் மில் மாவு, இன்னொன்றில் எனக்கு மட்டும் திரிகை மாவு. பிள்ளைகள் இரண்டையும் சுவைத்துப் பார்த்துவிட்டு அப்பா சட்டியைத்தான் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். ஒரு கையால் திரிகை சுற்றப் பழகிக்கொண்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் போவார், கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் என் சட்டியை இறக்கி வைத்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன்.